வெந்நீர் ஏன் வரவில்லை?

பத்தாம் வகுப்பு மாணவி

மின்தடை, மின்னோட்டம், ஜூல் விதி ஆகியவற்றைப் பரீட்சைக்காகவே யாரோ கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். சென்ற ஆகஸ்டு மாதம் நம் விடுதிச் சமையலறையில் அவற்றோடு நேருக்கு நேர் நிற்க வேண்டியதாயிற்று.

விடுதியில் நாங்கள் 24 பேர். இரவுச் சாப்பாட்டுத் தட்டுகளையும் டம்ளர்களையும் பல ஆண்டுகளாகக் கழுவி வந்தவர் சமையலறை அக்கா. சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி அவருடைய விரல் இடுக்குகள் வெந்து புண்ணாகியிருந்தன. மருந்து போட்டால் ஆறும்; மறுவாரம் மீண்டும் வந்துவிடும். நம் பள்ளியின் முன்னாள் மாணவி ஒருவர் வெளியூருக்குக் குடிபெயர்ந்தபோது தம் வீட்டுப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தை விடுதிக்குக் கொடுத்துச் சென்றார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது அல்லவா? இரண்டு தவணையாகத் தட்டுகளை அடுக்கினால் வேலை முடிந்துவிடும். இரண்டே மாதத்தில் அக்காவின் கைகள் ஆறிவிட்டன.

ஆகஸ்டில் இயந்திரம் படுத்துக்கொண்டது. தண்ணீர் பிடித்தது, சுழற்றி அடித்தது, ஆனால் தட்டில் சாம்பார் எண்ணெய் அப்படியே இருந்தது. கதவைத் திறந்து பார்த்தால் உள்ளே பச்சைத் தண்ணீர்! சிறிது நேரம் ஓடிவிட்டுத் தானே நின்று, விளக்கைச் சிமிட்டியது.

நகரத்திலிருந்து பழுது பார்ப்பவர் ஒருவர் வந்தார். இரண்டு பொத்தான்களை அழுத்தினார். "போர்டு போச்சு சிஸ்டர். பழைய மாடல். கிடைச்சா 16,000 ரூபாய் ஆகும், புதுசு வாங்கிடறது நல்லது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பக்கத்து மூடியைக்கூட அவர் கழற்றவில்லை. விடுதியில் அவ்வளவு பணம் ஏது? அக்கா ஒன்றும் பேசாமல் தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார். அன்றிரவு தட்டுகளை அவருடன் சேர்ந்து நாங்களே கழுவினோம்.

இந்த இயந்திரத்தின் கதை பழையது. அமெரிக்காவில் ஜோசஃபின் காக்ரேன் என்ற அம்மையார் 1886 ஆம் ஆண்டு டிசம்பர் 28 அன்று இதற்குக் காப்புரிமை பெற்றார். 1893 ஆம் ஆண்டு சிக்காகோ உலகக் கண்காட்சியில் அவருடைய இயந்திரங்கள் இடம்பெற்றன. கம்பிக் கூண்டில் தட்டுகளை நிறுத்தி, சோப்பு கலந்த வெந்நீரை வேகமாக அடிப்பதுதான் அவருடைய யுக்தி. இன்றைய இயந்திரமும் அதையேதான் செய்கிறது. நம் கை தாங்காத 60 டிகிரி வெந்நீர் இயந்திரத்துக்குச் சாதாரணம். எண்ணெய்ப் பிசுக்கு போவது அந்தச் சூட்டினால்தான். ஆகவே வெந்நீர் இல்லாவிட்டால் அது வெறும் மழை பெய்யும் பெட்டி.

காக்ரேன் அம்மையாரின் காலத்தில் கைப்பிடியைச் சுற்றுவார்கள். இப்போது எப்போது தண்ணீர் திறப்பது, எப்போது சூடேற்றுவது, எப்போது வெளியேற்றுவது என்று கட்டளையிடுவது உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு. எங்கள் வெட் கிரைண்டர் நின்றுபோனால் பெல்ட்டைப் பார், சுவிட்சைப் பார் என்று சமையல்காரப் பாட்டிகூடச் சொல்லிவிடுவார். போர்டு என்றதும் எல்லாரும் கையைக் கட்டிக்கொள்கிறோம். அதற்குள் நடப்பது கண்ணுக்குத் தெரியாததால் எந்தப் பழியையும் அதன்மேல் போட்டுவிடலாம்!

எங்கள் அறிவியல் சிஸ்டர் விடவில்லை. "போர்டைக் கடைசியில் பார்ப்போம். வெளியிலிருந்து உள்ளே போவோம்" என்றார். நம்மூர் எலக்ட்ரீஷியன் அண்ணனை வரவழைத்தார். நாங்கள் நால்வர் ஓர் அடி தள்ளி நின்று நோட்டில் எழுத வேண்டும். எதையும் தொடக்கூடாது என்பது கட்டளை. அண்ணன் முதலில் பிளக்கைப் பிடுங்கிச் சில நிமிடங்கள் காத்திருந்தார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் போர்டிலுள்ள மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால்தான் அப்படி. வீட்டில் யாரும் இதை அவசரப்பட்டுச் செய்து பார்க்க வேண்டாம்.

தண்ணீர் நுழையும் குழாயின் வலையில் வெள்ளை உப்பு அடைத்திருந்தது, துடைத்தாயிற்று. ஆனால் தண்ணீர்தான் வருகிறதே, ஆகவே அது காரணமன்று. அடுத்தது சூடேற்றி. இயந்திரத்தின் பின்புறத் தகட்டில் சூடேற்றியின் திறன் 1,900 வாட் என்று அச்சிட்டிருந்தது. சிஸ்டர் எங்களைக் கணக்குப் போடச் சொன்னார். மின்னழுத்தம் 230 வோல்ட். அதை அதனாலேயே பெருக்கினால் 52,900. அதை 1,900 ஆல் வகுத்தால் 27.8 ஓம். அண்ணன் சூடேற்றியின் கம்பிகளைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தார். 28.1 என்று காட்டியது! பாடப் புத்தகத்திலுள்ள ஒரு விடை எங்கள் சமையலறைத் தரையிலிருந்து எழுந்து வந்ததுபோல் இருந்தது. சூடேற்றி அறுந்திருந்தால் மீட்டர் எதுவும் காட்டாமல் நின்றிருக்கும். கசிவு இருக்கிறதா என்றும் அண்ணன் வேறொரு கருவியால் பார்த்தார்; இல்லை.

பிறகு வெப்பநிலையை அறியும் தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறைய வேண்டும். ஒரு டம்ளர் சுடுதண்ணீரில் அதை முக்கியதும் எண் கிடுகிடுவென்று இறங்கியது. அதுவும் நலம்.

இனி இயந்திரத்தை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அண்ணன் டாங் டெஸ்டர் என்னும் கருவியைக் கொண்டுவந்திருந்தார். கம்பியை வெட்டாமல், அதன் வாயால் கவ்வியே மின்னோட்டத்தை அளக்கலாம். அவர் ஒரு கம்பியை மட்டும் பிரித்துக் கவ்வ வைத்தார். "ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சா என்ன அண்ணா?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். "பிடிச்சுத்தான் பாருங்களேன்" என்று வயர் முழுவதையும் கவ்வவிட்டார். சுழி! போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் எதிர்த் திசையில் இருப்பதால் அவற்றின் காந்தப் புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. இதை நாங்கள் இனி மறக்கப் போவதில்லை.

சூடேறும் கட்டத்தில் 1,900 வாட்டை 230 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 8.3 ஆம்பியர் ஓட வேண்டும். டாங் டெஸ்டர் காட்டியதோ 0.4. மோட்டார் மட்டும் ஓடுகிறது. அந்த நேரத்தில் உள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. சிஸ்டர் கையைத் தூக்கினார். "அது ரிலே. போர்டு சூடேற்று என்று கட்டளை கொடுத்துவிட்டது. கட்டளையும் வந்தது, சூடேற்றியும் நன்றாக இருக்கிறது. அப்படியானால் தவறு எங்கே?" நாங்கள் ஒரே குரலில் "நடுவிலே!" என்றோம்.

மீண்டும் பிளக்கைப் பிடுங்கிக் காத்திருந்து, போர்டை வெளியே எடுத்தார்கள். செத்துக் காய்ந்த பல்லி ஒன்று கிடக்கும் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அப்படி ஒன்றுமில்லை. போர்டைத் திருப்பி லென்சு வைத்துப் பார்த்தபோது, ரிலேயின் ஒரு காலைச் சுற்றி ஈயப் பற்றில் மயிரிழை போன்ற வட்ட வெடிப்பு. அதன் அருகில் போர்டு பழுப்பேறியிருந்தது.

எப்படி வெடித்தது? ஒவ்வோர் இரவும் இரண்டு முறை அந்த இடம் சூடாகி விரிகிறது, ஆறிச் சுருங்குகிறது. பல ஆண்டுகள் இப்படி நடந்தால் ஈயம் களைத்துப்போய் விரிசல் விடும். விரிசலில் மின்தடை கூடும். அரை ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஜூல் விதிப்படி 8.3 ஐ 8.3 ஆல் பெருக்கி அரையால் பெருக்கினால் 34 வாட். அண்ணனின் ஈயம் வைக்கும் சால்டரிங் அயனே 25 வாட்தான்! அந்த இணைப்பு தன்னைத் தானே சுட்டுக்கொண்டிருக்கிறது.

ரேடியோ, டி.வி. பழுது பார்க்கும் கடைக்காரர் ஒருவர் பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, புதிதாக வைத்து, பக்கத்தில் ஒரு தடித்த செம்புக் கம்பியும் சேர்த்துக் கொடுத்தார். கூலி 80 ரூபாய். மறுநாள் டாங் டெஸ்டர் 8 ஐத் தாண்டியபோது சமையலறையில் நாங்கள் கை தட்டினோம். அடுப்படியில் பால் பொங்கியதை யாரும் கவனிக்கவில்லை.

போர்டு போச்சு என்றவர் பொய் சொன்னார் என்று நாங்கள் கூற மாட்டோம். கோளாறு போர்டில்தான் இருந்தது. ஆனால் 'போர்டில் கோளாறு' என்பதற்கும் 'போர்டு போச்சு' என்பதற்கும் நடுவே 15,920 ரூபாய் இருக்கிறது.

இன்னொன்றும் கண்டோம். தொட்டியின் அடியில் வளைந்து கிடக்கும் சூடேற்றியின்மேல் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளைப் படிவு. நம்மூர் ஏரி ஒரு காலத்தில் சேலம் நகரத்துக்கே குடிநீர் கொடுத்தது. பின்னாளில் அது வறண்டு சீமைக் கருவேலம் மண்டிய கதை பெரியவர்களுக்குத் தெரியும். நாங்கள் புழங்குவது ஆழ்குழாய்த் தண்ணீர். கடின நீரைக் காய்ச்சினால் அதிலுள்ள பைகார்பனேட் சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. இந்த முறை குற்றவாளி அதுவல்ல. ஆனால் படிவு தடித்தால் சூட்டைத் தண்ணீருக்கு விட முடியாமல் சூடேற்றியே கருகிவிடும். எவர்சில்வர் தட்டில் காணும் வெள்ளைப் புள்ளிகளும் இதுவே.

இயந்திரத்தினுள் கடினத்தன்மையை நீக்கும் பிசின் மணிகள் இருக்கின்றன. அவை கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். நிறைந்துபோனதும் உப்பு நீரால் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான உப்பு தீர்ந்துவிட்டது என்று ஒரு சிறு விளக்கு பல வாரங்களாக எரிந்துகொண்டிருந்தது. நாங்கள் அதை அழகுக்கு வைத்த விளக்கு என்று எண்ணிவிட்டோம்! மளிகைக் கடை அயோடின் உப்பு உதவாது; இதற்கென்றே கல் உப்பாக விற்கிறார்கள். சிட்ரிக் அமிலம் போட்டு வெறும் இயந்திரத்தை ஒரு முறை ஓடவிட்டதும் படிவு நுரைத்துக் கரைந்தது. நுரைத்தது கார்பன் டை ஆக்சைடு என்பதை ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளுக்கு நாங்களே விளக்கினோம்.

இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை உப்புப் போடுவது எங்கள் முறை. 28.1 என்ற எண்ணைச் சிஸ்டர் அலமாரிக் கதவின் உட்புறம் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார். அக்காவுக்கு இயந்திரத்தின்மேல் இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. தட்டுகளை எடுக்கும் முன் முதல் தட்டைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறார். சுட்டால்தான் மற்றவற்றை எடுக்கிறார். ரசக் குண்டானை மட்டும் இயந்திரத்தில் வைக்க விடுவதே இல்லை.