பிள்ளைகளோடு தூண்டில் போட ஊர்க் கண்மாய் போதும்

மீன் பிடிக்க அணைக்கட்டு வரை போக வேண்டியதில்லை. பக்கத்துக் குளமோ கண்மாயோ பிள்ளைகளுக்குத் தாராளம். பல இடங்களில் மீன்பாசி குத்தகைக்குப் போயிருக்கும். குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே தூண்டிலை எடுங்கள்.

இடம் பார்ப்பதுதான் முக்கியம். மதகு, கலங்கல் பக்கம் மீன் கூடும் என்பது உண்மைதான். ஆனால் தண்ணீர் ஓடும்போது அங்கே இழுவை அதிகம், பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். மண் அள்ளிய கண்மாயில் முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியிலேயே ஆளை விழுங்கும் குழி இருக்கலாம். ஆடுமாடு மேய்ப்பவர்களுக்கு அது அத்துப்படி, அவர்களிடம் கேளுங்கள். நிழலுள்ள, சறுக்காத கரையில் உட்கார்ந்தபடியே போடட்டும். பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும், போனைப் பார்க்காமல்.

சிறு முள், மெல்லிய நரம்பு, ஒரு தக்கை, மண்புழு இருந்தால் ஜிலேபி கெண்டை சிக்கும். மண்புழுவுக்கு அருவருப்படையும் குழந்தைக்கு மைதா உருண்டை கொடுங்கள். காலையும் மாலையும் நல்ல நேரம். தக்கை லேசாக ஆடும்போது இழுக்கக் கூடாது. முங்கி ஓடும்போதுதான் சுண்ட வேண்டும்.

கெளுத்தி மாட்டினால் பிள்ளைகள் தொடவே கூடாது. முதுகிலும் செவுள் ஓரங்களிலும் உள்ள முள் குத்தினால் கடுகடுவென்று வலிக்கும். பெரியவரே ஈரத் துணியால் பிடித்துக் கழற்றட்டும். குஞ்சு மீன்களைத் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள். அறுந்த நரம்பைக் கரையில் போடாதீர்கள். கொக்கு, நாரைகளின் காலில் சுற்றிக்கொள்ளும்.