சோலார் பேனல் பழுதா, வானிலையா? எக்ஸெல்லில் கண்டுபிடிக்கலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி, "எக்ஸெல்லை வைத்து வீட்டில் என்ன செய்வது?" என்பதுதான். என் அப்பாவும் அப்படித்தான் கேட்டார். அவருக்குச் சொல்லிக்கொடுத்ததையே இங்கே தருகிறேன்.

ராயப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 2024 பிப்ரவரியில் 3 கிலோவாட் சோலார் பேனல்கள் போட்டோம். அப்பாவின் ஓய்வுக்காலப் பணம் அது. மே மாதம் வெயில் கொளுத்தியும் யூனிட் குறைந்தது. "நம்மை ஏமாற்றிவிட்டார்கள்" என்று புகார்க் கடிதமே எழுதிவிட்டார். "ஆறு மாதம் கணக்கு எழுதிப் பார்த்துவிட்டு அனுப்பலாம் அப்பா" என்றேன்.

நீங்களும் செய்து பாருங்கள். எக்ஸெல்லைத் திறந்து, முதல் வரிசையில் தேதி, யூனிட், வானம் என மூன்று தலைப்புகளை டைப் செய்யுங்கள். தினமும் மாலையில் இன்வெர்ட்டர் திரையில் அன்றைய யூனிட்டைப் பார்த்து எழுதுங்கள். வானம் பத்தியில் வெயில், மேகம், மழை ஆகிய மூன்றில் ஒன்றை மட்டுமே எழுத வேண்டும். ஒரு நாள் "மேகம்", மறுநாள் "மேகமூட்டம்" என்று எழுதினால் எக்ஸெல் இரண்டையும் வேறு வேறாகவே எடுத்துக்கொள்ளும்.

மாதம் முடிந்ததும் தலைப்பு வரிசையைத் தேர்வு செய்து, டேட்டா டேபில் உள்ள ஃபில்டர் பட்டனைக் கிளிக் செய்யுங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் சிறிய அம்புக்குறி தோன்றும். வானம் பத்தியின் அம்புக்குறியைக் கிளிக் செய்து "வெயில்" என்பதை மட்டும் டிக் செய்யுங்கள். தேதிப் பத்தியில் வேண்டிய மாதத்தைத் தேர்வு செய்யுங்கள். இனி யூனிட் எண்களை மவுஸால் இழுத்துத் தேர்வு செய்தால், திரையின் அடியில் ஆவரேஜ், அதாவது சராசரி தெரியும்.

எங்கள் கணக்கில் வெயில் நாட்களின் சராசரி மார்ச்சில் 13 யூனிட், மே மாதத்தில் 12. இது பழுதல்ல. பேனலுக்குத் தேவை வெளிச்சம். வெப்பம் அதற்கு எதிரி. பேனலின் திறனை 25 டிகிரி செல்சியஸில் அளந்துதான் குறிப்பிடுகிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். பேனல் 65 டிகிரி வரை சூடானால் 12 முதல் 16 சதவீதம் போய்விடும். மேலே படியும் தூசியும் தன் பங்குக்குக் குறைக்கும்.

வடகிழக்குப் பருவமழையில் மழை நாட்களின் சராசரி 3 யூனிட். ஃபெஞ்சல் புயல் கரை கடந்த நவம்பர் 30 அன்று 1 யூனிட்கூட வரவில்லை. இதற்கும் காரணம் வானிலைதான்.

ஆனால் டிசம்பரில் அப்பாவே ஒன்றைக் கண்டுபிடித்தார். மழை விட்டு, நன்றாக வெயில் அடித்த நாட்களிலும் சராசரி 8 தான்! பகல் நேரம் குறைவதால் ஒன்றிரண்டு யூனிட் குறையலாம். 5 யூனிட் குறையக்கூடாது.

காலை பத்து மணிக்கு இருவரும் மாடிக்குப் போனோம். தெற்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தண்ணீர்த் தொட்டியின் நிழல் இரண்டு பேனல்கள்மீது விழுந்திருந்தது. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் நிழல் நீள்கிறது. பேனல் போட்ட பிப்ரவரி கடைசியில் இந்த நிழல் எட்டவில்லை. பேனல்கள் தொடராக இணைக்கப்பட்டிருந்தால், சிலவற்றில் விழும் நிழலும் மொத்த உற்பத்தியையும் பாதிக்கும்.

தொட்டியை வடக்குப் பக்கம் மாற்றினோம். ஜனவரி வெயில் நாட்களில் சராசரி 11 யூனிட் ஆனது. புகார்க் கடிதத்தை அப்பா கிழித்துப் போட்டுவிட்டார்.

எனவே மழை நாளை வெயில் நாளோடு ஒப்பிடாதீர்கள்; வெயில் நாளை வெயில் நாளோடு ஒப்பிடுங்கள். தினமும் எழுதியதும் ஃபைலை சேவ் செய்ய மறக்காதீர்கள்!