பாபாசாகேப் நூல் பயின்ற விதம்



நம் அன்பர் பலருடைய இல்லங்களில் ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்னும் நூல் பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் படத்தருகே பூச்சூடி இருக்கக் காண்கிறோம். மகிழ்ச்சியே. ஆயின் பல இல்லங்களில் அதன் ஏடுகள் இன்னும் பிரிக்கப்படவில்லை. அந்நூலை இயற்றியவர் நூல்களோடு எவ்விதம் பழகினார் என்பதை இன்று பயில்வோம்.

அவர் மாணவராய் வாழ்ந்தது பம்பாய்ப் பரேலில், ஆலைத் தொழிலாளர் குடியிருப்பின் ஒற்றை அறையில். சமையலும் உறக்கமும் அங்கேயே. தந்தையார் இராம்ஜி சக்பால் பின்னிரவு இரண்டு மணிவரை விழித்திருந்து, மைந்தனைப் படிக்க எழுப்பிவிட்டுத் தாம் படுப்பார். மைந்தன் கேட்ட நூலுக்குக் காசில்லையேல் மணமான மகளின் நகையை வாங்கி அடகு வைப்பார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். ஆலையில் இரவு முறை முடித்து வந்து எழுத்துக் கூட்டிப் படித்த நமக்கு அவ்வறை அந்நியமன்று.

1907இல் அவர் மெட்ரிகுலேஷன் தேறியபோது, கேளுஸ்கர் என்னும் ஆசிரியர் தாம் மராத்தியில் எழுதிய புத்தர் சரிதத்தைப் பரிசளித்தார். படித்து உருகியதோடு இளைஞர் நிற்கவில்லை. பாரதமும் இராமாயணமும் படிக்கச் செய்த தந்தை, பௌத்த நூல்களை ஏன் காட்டவில்லை என்று கேட்டார். தீண்டப்படாதவர் என்ற எண்ணத்தால் பிள்ளைகளின் மனம் குன்றாதிருக்க, எளிய நிலையிலிருந்து உயர்ந்த துரோணர், கர்ணன் கதைகள் உதவும் என்றார் தந்தை. அவ்விடை மைந்தருக்கு நிறைவளிக்கவில்லை. இதனை அவரே தம் நூலுக்கு எழுதிய முகவுரையில் கூறியுள்ளார். தந்தையிடம் அன்பும் உண்டு, கேள்வியும் உண்டு. நூலிடத்தும் அவர் அவ்வாறே நடந்தார்.

பள்ளியில் சமஸ்கிருதம் மறுக்கப்பட்டமையால் பாரசீகம் பயில நேர்ந்தது. பின்னாளில் அம்மொழியைத் தம் முயற்சியால் கற்று, சாதிக்கு அரணாகக் காட்டப்பட்ட சாத்திரங்களைத் தாமே ஆராய்ந்தார். பாலி மொழிக்கு அகராதியும் தொகுத்தார்.

1913 முதல் 1916 வரை கொலம்பியாவில் பயின்ற நாளில், வயிற்றைச் சுருக்கி, நியூயார்க்கின் பழைய நூற்கடைகளில் ஏறத்தாழ 2,000 நூல்கள் வாங்கினார். 1917இல் தாயகம் திரும்புகையில், தனிக் கப்பலில் அனுப்பிய அவருடைய உடைமைகள் போரில் கடலுள் மூழ்கின. பின்னர் இலண்டனில் பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்திற்குள் காலையில் முதல் ஆளாய்ப் புகுந்து, அடைக்கும் வேளையில் வெளிவருவார். தாதரில் நூல்களுக்கென்றே இடம் வகுத்துக் கட்டிய இல்லத்திற்கு மகத நாட்டுப் பழம்பதியின் பெயரால் ராஜகிருகம் என்று பெயரிட்டார்.

சட்டமும் பொருளியலும் மட்டுமே அவர் விரும்பியவை எனக் கருத வேண்டா. டால்ஸ்டாயின் வாழ்க்கை வரலாறும், விக்டர் ஹியூகோ, தாமஸ் ஹார்டி ஆகியோரின் நவீனங்களும் அவரைக் கண்ணீர் விடச் செய்தன என்பர். கடுஞ்சொல்லர் என்று அவரை ஏசியோர் இதனை அறியார் போலும்!

நம் சென்னைக்கும் இதில் பங்குண்டு. பேராசிரியர் இலட்சுமி நரசு 1907இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘பௌத்த சாரம்’ என்னும் பொருள்படும் நூலை, பாபாசாகேப் 1948இல் தம் முன்னுரையுடன் மீண்டும் பதிப்பிக்கச் செய்தார். கேளுஸ்கர் நூல் தந்த அதே ஆண்டில் பிறந்த நூல் அது!

1956 டிசம்பர் 5ஆம் நாள் இரவு, டில்லி அலிப்பூர் சாலை இல்லத்தில், ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலின் முகவுரைத் தாள்களை மேசைமேல் வைக்கச் சொன்னார். கேளுஸ்கரின் பரிசு குறிக்கப்பட்டிருப்பது அம்முகவுரையில்தான். மறுநாள் காலை அவர் எழவில்லை. நூல் 1957இல் வெளிவந்தது.