பால்வீதியின் மையத்தில் ஒரு சர்வே

ஆடி மாதத்தில் இரவு பத்து மணியளவில் தெற்கே பார்த்தால் தனுசு ராசி தெரியும். அந்தத் திசையில், சுமார் 26,000 ஒளி ஆண்டுத் தொலைவில், நமது பால்வீதியின் மையம் இருக்கிறது. ஆனால் எத்தனை பெரிய தொலைநோக்கியானாலும் சாதாரண ஒளியில் அதைக் காட்ட முடியாது. இடையிலுள்ள தூசியும் வாயுவும் திரை போட்டு மறைக்கின்றன.

ஆற்றல் மிகுந்த எக்ஸ் கதிர்கள் இந்தத் திரையைக் கடந்து வந்துவிடும். ஆனால் பூமியின் காற்று மண்டலம் அவற்றைத் தடுத்துவிடும். உடலை ஊடுருவும் கதிரைக் காற்றா தடுக்கும் என்று கேட்கலாம். நம் தலைக்கு மேலுள்ள காற்றின் எடை பத்து மீட்டர் ஆழமுள்ள நீரின் எடைக்குச் சமம்! ஆகவே கருவியை விண்வெளிக்கே அனுப்ப வேண்டும். 1999 ஜூலையில் நாசா அனுப்பிய 'சந்திரா' தொலைநோக்கி அத்தகையது.

ரயில் பாதை போடுமுன் நிலத்தைப் பகுதி பகுதியாக அளந்து, வரைபடத் தாள்களை ஒட்டிச் சேர்ப்போம். அதே முறையில் 2001-ல் மையப் பகுதியை 30 படங்களாக எடுத்து இணைத்தார்கள். நான்கு முழு நிலவுகளை வரிசையாக வைத்த நீளம்தான் அது. ஆனால் அங்கே அது 900 ஒளி ஆண்டு நீளம், 400 ஒளி ஆண்டு அகலம். அதில் சுமார் 1,000 எக்ஸ் கதிர்ப் புள்ளிகள் கிடைத்தன. மேலும் பலமுறை படமெடுத்து 2009-ல் வெளியிட்ட பட்டியலில் 9,000-க்கும் மேல்.

புள்ளிகளை எண்ணிவிட்டால் சர்வே முடிந்ததா? இல்லை. எது அருகில், எது மையத்தில் என்று பிரிக்க வேண்டும். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஆற்றல் குறைந்த கதிர்களைத் தூசியும் வாயுவும் விழுங்கிவிடும். ஆகவே அந்தக் கதிர்களும் வந்து சேர்ந்தால் அந்த விண்மீன் திரைக்கு இப்பால், நம் பக்கம் இருக்கிறது. ஆற்றல் மிகுந்தவை மட்டும் வந்தால் அது திரைக்கு அப்பால் இருக்கிறது. அப்பாலுள்ளவற்றிலும் சில, பால்வீதியையே தாண்டிய வேறு மண்டலங்கள். அவற்றையும் கணக்கிட்டுக் கழிக்க வேண்டும்.

மிஞ்சுபவை எவை? பெரும்பாலானவை வெண்குள்ள விண்மீன்கள். எரிபொருள் தீர்ந்து பூமியின் அளவுக்குச் சுருங்கிய இவை, துணை விண்மீனின் வாயுவை இழுக்கின்றன. விழும் வாயு பல கோடி டிகிரி சூடாகி எக்ஸ் கதிர்களை வீசுகிறது.

இங்கேதான் ஒரு பொருத்தம். 'சந்திரா' என்பது சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர். 1910-ல் லாகூரில் பிறந்தவர். தந்தை அங்கே ரயில்வே கணக்குத் தணிக்கை அதிகாரி. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சந்திரசேகர், பயணத்திலேயே ஒரு கணக்குப் போட்டார். வெண்குள்ள விண்மீனின் எடைக்கு ஓர் எல்லை உண்டு என்பது அதன் விடை. இன்றைய மதிப்பு சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. 1935-ல் எடிங்டன் அதைச் சபையிலேயே கேலி செய்தார். நோபல் பரிசு வந்தது 1983-ல்.

அவர் பெயர் தாங்கிய கருவி, அவர் கணக்கிட்ட விண்மீன்களையே பால்வீதியின் மையத்தில் ஆயிரக்கணக்கில் காட்டியிருக்கிறது. 1995-ல் மறைந்த அவர் அதைப் பார்க்கவில்லை. தனுசைப் பார்க்கும்போது நாம் நினைத்துக்கொள்ளலாம்.