குட்டி நாய்க்கு ஆசிரியர் யார்?

கோவையில் பல வீடுகளில் வளரும் சின்னஞ்சிறு பொமரேனியன் நாய், தபால்காரரைக் கண்டதும் குரைக்கிறது. அவர் கடிதத்தைத் தந்துவிட்டு நகர்கிறார். குரைத்தால் அந்நியர் போய்விடுவார் என்று நாய் கற்றுக்கொள்கிறது! நற்பலன் தரும் செயலை விலங்குகள் மீண்டும் செய்யும் என்பதை, அமெரிக்க உளவியலறிஞர் தார்ண்டைக் 1898இல் பூனை, நாய்களைக் கொண்டு விளக்கினார்.

அதே விதியால் நாயைத் திருத்தலாம். அடிக்க வேண்டாம். குரைப்பை நிறுத்திய நொடியிலேயே சிறு தின்பண்டம் கொடுங்கள். தாமதித்தால் எதற்குப் பரிசு என்று அதற்கு விளங்காது.

சின்ன நாய்தானே என்று, அது கவ்வும்போது சிரித்து விளையாடினால், கடிப்பதற்கும் நாமே பரிசு தருகிறோம். வெறிநோய்க்கு நாயின் உருவம் பொருட்டல்ல. கடித்துவிட்டால் காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். உடனே மருத்துவரிடம் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.