வாரம் ஒரு மணி நேரம் டாக்டர், மீதி நேரம் நாங்கள்

எங்கள் மகளுக்கு வந்த நோயின் பெயர் அனோரெக்சியா நெர்வோசா. வயிறு பசிக்கும், மனசு சாப்பிட விடாது. கோவையில் பிளஸ் ஒன் படிக்கும்போது தொடங்கியது. இப்போது கல்லூரியில் இருக்கிறாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: எடையை எழுதக் கூடாது. இந்த நோய் உள்ள பிள்ளைகள் முதலில் அந்த எண்ணைத்தான் தேடுவார்களாம், "அவ அளவுக்கு நான் இளைக்கலையே" என்று போட்டி போடுவார்களாம். அதனால் கிலோவும் கலோரியும் இங்கே கிடையாது.

எங்களைப் போன்ற வீடுகளில் பட்டினிக்கு நல்ல பெயர். மகளின் செவ்வாய் விரதம் வெள்ளிக்கும் வந்தது, பிறகு சஷ்டி, பிரதோஷம் என்று நீண்டது. அவள் பாட்டி அமுச்சிக்கு ஒரே பெருமை. சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டபோதுதான் பயம் வந்தது. குளியலறை சல்லடையில் கொத்தாக முடி. மாதவிலக்கு நின்றுபோனது. வயிற்று டாக்டர் எண்டோஸ்கோபி பார்த்தார், தைராய்டு பார்த்தோம், இன்னொருவர் ஹார்மோன் மாத்திரை எழுதினார். கடைசியில் ஒரு குழந்தைகள் நல மருத்துவர் எங்களை வெளியே உட்கார வைத்துவிட்டு அவளிடம் தனியாகப் பேசினார். பேசி முடித்ததும் மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதினார்.

தான் சாப்பிடாதவள் தம்பிக்கு கேக் செய்து கொடுப்பாள். நாள் முழுக்க சமையல் வீடியோ பார்ப்பாள். நடிக்கிறாளோ என்றுகூட நினைத்தோம். மனநல மருத்துவர் ஒரு பழைய ஆய்வைச் சொன்னார். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், ஆரோக்கியமான 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்தார். அவர்கள் எந்நேரமும் சாப்பாட்டையே நினைத்தார்கள், சமையல் புத்தகம் படித்தார்கள், கையளவு உணவை மணிக்கணக்கில் இழுத்துச் சாப்பிட்டார்கள், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார்கள். எங்கள் வீட்டில் நடந்தது அப்படியே அதுதான். பட்டினி கிடக்கும் மூளையோடு வாதாடிப் பயனில்லை, முதலில் உடம்புக்குச் சோறு போக வேண்டும், பேச்சு பிறகு என்றார் டாக்டர். எனக்கு இந்த ஒரு விளக்கம் போதுமானதாக இருந்தது.

"அட்மிட் பண்ணிக்கோங்க டாக்டர்" என்றுதான் நாங்கள் கேட்டோம். அவர் நாடி பார்த்தார், படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் இரத்த அழுத்தம் பார்த்தார், ஈசிஜி எடுத்தார், இரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பரஸ், மெக்னீசியம் பார்த்தார். பகலில் நாடி 50க்குக் கீழே போனால், மயங்கி விழுந்தால், உப்புகள் குறைந்தால், தண்ணீரைக்கூட மறுத்தால், சாகும் எண்ணம் தலைகாட்டினால் உடனே சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். அதுவரை வீட்டிலிருந்தபடியே வைத்தியம். இன்னொன்றையும் அழுத்திச் சொன்னார்: நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாகக் கொட்டிக் கொடுத்தால் பாஸ்பரஸ் சடசடவென இறங்கி இதயத்தையே பாதிக்கலாம். அதனால் அளவைக் கூட்டும் வேகத்தை அவர்தான் முடிவு செய்வார், ஆரம்ப வாரங்களில் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

எங்களுக்குச் சொல்லப்பட்ட முறை குடும்பம் சார்ந்த சிகிச்சை. 1870களில் இந்த நோய்க்கு இப்போதுள்ள பெயரை வைத்த லண்டன் மருத்துவர் வில்லியம் கல், சொந்தக்காரர்கள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வதே கெடுதல் என்று நினைத்தவர். வெகுகாலம் அம்மாக்கள்மீதுதான் பழி. 1980களில் அதே லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் பெற்றோரையே சிகிச்சையின் நடுவில் உட்கார வைத்துப் பார்த்தார்கள், பதின்வயதுப் பிள்ளைகளிடம் நல்ல பலன் தெரிந்தது. இதில் மூன்று கட்டம்: சாப்பாட்டுப் பொறுப்பு முழுவதையும் பெற்றோர் எடுத்துக்கொள்வது, கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையிடம் திருப்பித் தருவது, கடைசியில் அந்த வயதுக்குரிய மற்ற விஷயங்களைப் பேசுவது.

முதல் கட்டம்தான் ஆளை உலுக்கிவிடும். நான் நூல் மில்லில் சூப்பர்வைசர். மில்லைப் போலவே வீட்டிலும் ஷிப்ட் போட்டோம். காலையும் மதியமும் மனைவி, மாலை பலகாரமும் இரவும் நான். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் மூன்று சிறு தீனி. தட்டில் என்ன, எவ்வளவு என்பதில் அவளுக்குப் பேச்சில்லை. அப்பா என்றால் வெளியே சம்பாதிப்பவர், ஊட்டுவது அம்மா வேலை என்று ஒதுங்கிக்கொண்டால் இந்தச் சிகிச்சை நடக்காது. நோய் முதலில் தேடுவதே இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைத்தான்.

ஒரு தோசையை அவள் எப்படிச் சாப்பிட்டாள் என்று சொல்கிறேன். முறுகலான ஓரத்தைச் சுற்றிலும் கிள்ளித் தட்டின் விளிம்பில் அடுக்குவாள். நடுப்பகுதியை நகத்தளவு துண்டுகளாக்குவாள். ஒவ்வொன்றையும் விரலால் அழுத்தி எண்ணெயைத் தாவணியில் துடைப்பாள். சட்னியில் தேங்காயை ஒதுக்கிவிட்டுத் தண்ணீரை மட்டும் தொடுவாள். தோசை ஆறி விறைத்துப்போயிருக்கும். "என்னால முடியலீங்கப்பா" என்று கண்ணீர் வழியும். "கஷ்டமாத்தான் இருக்கும் கண்ணு. நான் எங்கயும் போகல. அடுத்த வாய்" என்பேன். இதற்கு மேல் பேசக் கூடாது என்பது சிகிச்சையாளர் சொல்லிக்கொடுத்தது. "எனக்காகச் சாப்பிடு" கூடாது, "எத்தனை பேர் சோறில்லாம இருக்காங்க" கூடவே கூடாது. சத்துக் கணக்கு பேசினாலோ நோய் ஜெயித்துவிடும், அந்தக் கணக்கில் அது நம்மைவிடக் கெட்டி. தட்டை வீசி எறிந்த நாளும் உண்டு. கீழே கிடந்ததைக் கூட்டி அள்ளிவிட்டு, அதே அளவு மறுபடி வைத்தாள் என் மனைவி. கோபித்துக்கொள்ளவில்லை, குறைக்கவும் இல்லை.

சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் தனியே விடக் கூடாது. பாத்ரூம் போவதென்றால் சாப்பிடுமுன்பே. அந்த நேரத்தைத் தாயம் ஆடிக் கழித்தோம். படிக்கும்போதுகூட நின்றுகொண்டே படிப்பாள், அதுவும் நோயின் வேலைதான் என்பதால் உட்கார வைத்தோம். வீட்டு எடை மெஷினைப் பரணில் போட்டோம். போனில் இருந்த நடைக்கணக்கு, உணவுக்கணக்கு ஆப்களை நீக்கினோம். எடை பார்ப்பது கிளினிக்கில் மட்டும், அதுவும் சிறுநீர் கழித்த பிறகு. வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு மெஷினில் ஏறுவது இந்த நோயாளிகளின் வழக்கமான தந்திரம் என்று நர்ஸம்மாவுக்குத் தெரிந்திருந்தது. பள்ளியில் டாக்டர் கடிதம் கொடுத்தோம். பி.டி. வகுப்பு நின்றது, பள்ளி நாட்களில் மதிய டிபன் பாக்ஸ் வகுப்பாசிரியை முன்னால் காலியானது.

சொந்தக்காரர்கள் விஷயம் தனி. முகம் கொஞ்சம் தேறியதும் கல்யாண வீட்டில் ஒரு அத்தை, "இப்பத்தான் கண்ணு லட்சணமா, பூசினாப்ல இருக்கற" என்றார். பாசத்தில் சொன்னதுதான். அவள் காதில் 'குண்டாகிவிட்டாய்' என்றே விழுந்தது. அன்று இரவுச் சாப்பாடு பெரும் போராட்டம். அதன்பிறகு விசேஷத்துக்குப் போகுமுன் நானே போன் செய்துவிடுவேன்: "புள்ளைக்கு உடம்பு சரியில்லீங்க, வைத்தியம் ஓடுது. ஒடம்பு எளச்சது, பெருத்தது பத்தி மட்டும் பேச வேண்டாங்க." காரணம் கேட்டவர்களுக்கு வயிற்றுப் பிரச்சினை என்றேன். அது பொய்யாக எனக்குப் படவில்லை. தம்பிக்கு மட்டும் முழு உண்மையும் சொன்னோம். சாப்பாட்டு மேசையின் சண்டையை தினமும் பார்ப்பவன் அவன். ஞாயிறு காலை அவனுக்கென்று ஒதுக்கினேன், கிரிக்கெட் மைதானத்துக்கு இருவரும் போவோம்.

"ஒரு மாத்திரை எழுதிக் குடுங்க" என்று கேட்காத பெற்றோர் இல்லை. அனோரெக்சியாவைத் தீர்க்கும் மாத்திரை இல்லை. கூடவே வரும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மருந்துண்டு. வயிறு முட்டச் சாப்பிட்டு வாந்தியெடுக்கும் புலிமியா வேறு நோய், அதற்கு ஃப்ளூவாக்ஸெடின் பயன்படுகிறது. பணத்தைப் பொறுத்தவரை, மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு தர வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். ஆனால் எங்கள் பாலிசி மருத்துவமனையில் சேர்த்தால்தான் பணம் தரும். வெளிநோயாளிச் செலவெல்லாம் கைக்காசுதான்.

பொறுப்பைத் திருப்பிக் கொடுப்பது நான் எதிர்பார்த்ததைவிடக் கடினம். முதலில் மாலைத் தீனி மட்டும் அவள் கையில். எடை நிலைத்ததும் காலை டிபன். அரைக் கரண்டி குறைந்தாலும் என் கண் அங்கேயே போகும். பரீட்சைக்கு முன் ஒருமுறை எடை இறங்கியது. மறுபடி நாங்களே பரிமாறினோம், சில வாரத்தில் ஏறியது. இப்படி முன்னும் பின்னும் போகும் என்று டாக்டர் தொடக்கத்திலேயே சொல்லியிருந்ததால் இடிந்துபோகவில்லை. நின்றுபோன மாதவிலக்கு திரும்பி வந்த அன்று என் மனைவி அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினாள். நெய் கேட்டு வாங்கிக்கொண்டாள் மகள்.

உங்கள் வீட்டுப் பெண்ணோ பையனோ, ஆம், பையன்களுக்கும் இது வரும், காரணமில்லாமல் இளைத்து, சாப்பாட்டு நேரத்தில் நழுவி, கேட்டால் "இப்பத்தான் சாப்பிட்டேன்" என்றால், ஸ்கேனோடு நிறுத்திவிடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. எங்கே போவதென்று தெரியாவிட்டால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.