கார் இன்ஷூரன்ஸும் காயம்பட்டவரின் உரிமையும்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், சுக்கு மூட்டை இறக்கும் லாரிக்கும் எதிரே வரும் ஆட்டோவுக்கும் நடுவே காரைச் செலுத்துகிற எவரும், 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியுள்ள மூன்றாம் நபர் பாலிஸி ஒன்றே போதுமென்று திருப்தியடைந்துவிடலாகாது. ஏனெனில் அது பிறருக்கு நாம் விளைவித்த நஷ்டத்தை ஏற்குமேயன்றி, நம் வண்டியின் நசுங்கிய கதவையோ, உடன் வந்த உறவினரின் காயத்தையோ பொதுவாக ஏற்பதில்லை. பேக்கேஜ் பாலிஸியே உசிதம்.

வேலியேற்றத்தில் காயல் நீர் தெருவுக்குள் புகும் இவ்வூரில், எஞ்சின் பாதுகாப்புக்கென்று கூடுதல் பிரீமியம் கட்டுவது வீண் செலவன்று. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் பழுதானால், சாதாரணப் பாலிஸியில் கம்பெனி கைவிரிக்க இடமுண்டு. கயிறு கட்டி இழுத்துச் செல்வதே விவேகம்.

விபத்தில் காயமுற்றவர், விபத்து நடந்த இடத்துக்குரிய தீர்ப்பாயத்தில் மட்டுமின்றி, தாம் வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் இழப்பீடு கோரலாமாதலால், இங்கே அடிபட்ட திருநெல்வேலிக்காரர் எர்ணாகுளத்துக்கு அலையவேண்டிய அவசியமில்லை. 2022 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள திருத்தத்தின்படி ஆறு மாதத்துக்குள் மனுச் செய்க. பிழை யாருடையதென்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய் பெற 164-ஆம் பிரிவு வழிசெய்கிறது. இடித்த வண்டி இன்னதென்றே தெரியாவிடில் ஐம்பதாயிரம். எஃப்.ஐ.ஆர். நகல், காயச் சான்றிதழ், மருந்துக்கடை பில் ஈறாக யாவற்றையும் பத்திரப்படுத்துக. சொற்பத் தொகையைக் கையில் திணித்து, ‘பூரண திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்’ என்றெழுதிய ரசீதை நீட்டுவோரிடம், வக்கீலைக் கலந்து வருகிறேன் என்று சொல்லிவிடுக.